இரண்டாவது ஸ்கோன்

ஸ்கோனுக்கு இடுப்பு உண்டு. மாவு பக்குவமாக இருந்தால் ஓவனுக்குள் எழும்பும்போதே பக்கவாட்டில், நட்டநடுவில், தானாக ஒரு வெடிப்பு விடும். அதுதான் இடுப்பு. அங்கே இரண்டு கட்டைவிரலையும் வைத்து மெல்லப் பிரித்தால் கத்தி இல்லாமலே இரண்டாகும். ஆவியும் வெண்ணெய் வாசமும் ஒன்றாக மேலே வரும். இதைப் போய்க் கத்தியால் அறுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாடிக்கையாளர்களிடம் சொல்ல முடியுமா? சமையல்கட்டு ஜன்னல் வழியாக ஒரு முறை முறைத்துவிட்டு என் வேலையைப் பார்ப்பேன்.

சுங்கை லாலாங் பக்கத்தில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பழைய தோட்டத்து பங்களா இருக்கிறது. துரை குடியிருந்த பங்களா. துரை கதையை எங்கள் பக்கத்தில் எல்லாரும் சொல்லித் தீர்த்துவிட்டதால் நான் அதற்குள் போகவில்லை. இப்போது அது வெள்ளைக்கார பாணியில் மாலை டீ கொடுக்கும் கடை. பினாங்கிலிருந்தும் சுங்கை பட்டாணியிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து, ஜெராய் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வார்கள். சமையல்கட்டில் நானும் என் வயதுள்ள ஒரு மலாய்க்காரியும் இருக்கிறோம். பத்து ஆண்டுகளாக ஸ்கோன் என் பொறுப்பு.

ஸ்கோன் ரொட்டியும் இல்லை, கேக்கும் இல்லை. கோதுமை மாவில் குளிர்ந்த வெண்ணெயை விரல் நுனியால் உதிர்த்து, பாலும் முட்டையும் விட்டு, பிசைந்தும் பிசையாமலும் சேர்த்து, வட்டமாக வெட்டிச் சுடுவது. அதற்குத் தொட்டுக்கொள்ள ஜாமும் ஒரு கெட்டிக் கிரீமும். அந்தக் கிரீமை முதன்முதலில் செய்யக் கற்றுக்கொண்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாலின் கொழுப்பை மெல்லிய சூட்டில் பகலெல்லாம் வைத்து, மேலே படிகிற ஏட்டை வழித்தெடுப்பது. நம் பாலாடைதான்! சின்ன வயதில் சட்டியிலிருந்து வழித்துத் தின்றதற்கு முதுகில் அடி வாங்கியிருக்கிறேன். வெள்ளைக்காரன் அதற்கு ஒரு கிண்ணமும் ஒரு சின்னக் கரண்டியும் கொடுத்து மேசையில் உட்கார வைத்துவிட்டான்.

ஆளுக்கு இரண்டு ஸ்கோன் என்பது கணக்கு. ஏன் இரண்டு என்று முதலாளியம்மாவிடம் கேட்டேன். "அதான் முறை லா" என்றார். எனக்குத் தெரிந்த காரணம் வேறு. முதலாவது பசிக்குப் போய்விடும். இரண்டாவதைத்தான் மனிதர்கள் நிதானமாகப் பிரிப்பார்கள், கிரீமைப் பார்த்துப் பார்த்து வைப்பார்கள், கண்ணை மூடிக் கடிப்பார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பதெல்லாம் அந்த இரண்டாவதைத்தான்.

இன்னும் ஒன்று சொல்லிவிட வேண்டும். ஓவனில் வைக்கும் முன் ஸ்கோன் தலையில் பிரஷ்ஷால் எதையாவது தடவுவோம். வெறும் பால் தடவினால் மங்கலாக, பவுடர் பூசின முகம் மாதிரி வெந்து வரும். அடித்த முட்டையைத் தடவினால் தேன் நிறத்தில் மின்னும். எங்கள் பங்களாவில் முட்டைதான். ஓவனுக்கு வலப்பக்கம் ஒரு குவளையில் அடித்த முட்டையும் அதில் ஒரு பிரஷ்ஷும் எப்போதும் நிற்கும். பால் தடவியதா முட்டை தடவியதா என்று எட்ட நின்று பார்த்தே சொல்லிவிடுவேன். அந்தக் கண் எனக்கு இல்லாமல் இருந்திருக்கலாம் என்று பிற்பாடு பல நாள் நினைத்திருக்கிறேன்.

என் மகள் ஆஸ்பத்திரியில் தாதி வேலையில் இருக்கிறாள். அவள் அப்பா இறந்து பல வருஷமாகிறது, வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பாலிங் ஊர்ப் பையன் ஒருவனை அவளுக்குப் பிடித்திருந்தது. பையன் தங்கம். இடையில் நின்றது அவன் அம்மா. பங்களாவில் டீயோடு வைக்கிற சின்னச் சின்ன சாண்ட்விச்சில் மாட்டிறைச்சி வைத்ததும் உண்டு. அதை யாரோ அந்த அம்மாவின் காதில் போட்டுவிட்டார்கள். "மாட்டுக்கறி தொடுற கை. அந்தக் கையில நான் பச்சத்தண்ணி கூட வாங்கிக் குடிக்க மாட்டேன். அங்க எப்படிச் சம்பந்தம் பண்றது?" என்று மகனிடம் சொல்லியிருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சாண்ட்விச் என் வேலைகூட இல்லை, அது மலாய்க்காரி பார்ப்பது. ஆனால் அதை விளக்கிக்கொண்டு போய் நிற்க என் ரோஷம் விடவில்லை. "வேற பையனைப் பாரு" என்று மகளிடம் கத்தினேன். அவள் கத்தவில்லை. "நான் வேற யாரையும் கட்டிக்க மாட்டேன்மா. உங்க ரெண்டு பேரோட ரோஷமும் அடங்கற வரைக்கும் இப்படியே இருந்துக்கறேன்" என்றாள். சொன்னபடியே ஒன்றரை வருஷம் இருந்தாள். முப்பத்தொரு வயசு. காலையில் வேலைக்குப் போவாள், வருவாள், என் எதிரில் உட்கார்ந்து அமைதியாகச் சாப்பிடுவாள். அந்த அமைதியைத் தாங்குவதற்குப் பதில் அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அப்புறம் ஒரு புரட்டாசி மாதம், வியாழக்கிழமை, அந்த அம்மாவே போன் செய்தார்.

"சனிக்கிழமை பெருமாள் கோயிலுக்குப் போய்ட்டு அப்படியே உங்க வீட்டுக்கு வரலாம்னு இருக்கோம்கா. வேற ஒண்ணும் இல்ல. சும்மா டீ குடிக்க."

புரட்டாசியில் நல்ல காரியம் பேசமாட்டார்கள். ஆகவே பெண் பார்க்க என்று சொல்ல முடியாது. ஆனால் பச்சைத்தண்ணீர்கூட வாங்கமாட்டேன் என்றவர் டீ குடிக்க வருகிறேன் என்கிறார். என் கையால் அவர் சாப்பிட்டுவிட்டால் கல்யாணம். தட்டைத் தள்ளி வைத்துவிட்டால் அத்தோடு சரி. மகள் அன்று சாயங்காலம் சமையல்கட்டு வாசலில் வந்து நின்று, "அம்மா, ப்ளீஸ்" என்று மட்டும் சொன்னாள்.

வடையும் கேசரியும் செய்திருந்தால் இந்தக் கதையே இல்லை. புத்தியுள்ளவள் அதைத்தான் செய்திருப்பாள். எனக்குத்தான் வீம்பு. எந்த வேலையைச் சொல்லி என் கையை ஒதுக்கினாரோ அந்த வேலையையே அவர் தட்டில் வைக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஸ்கோன், கிரீம், நானே கிண்டிய அன்னாசி ஜாம், தனி ஜாடியில் பால், டீ. வெள்ளைக்காரன் முறையில் எல்லாம், ஆனால் முட்டை மட்டும் இல்லாமல். புரட்டாசியில் எங்கள் வீட்டிலும் முட்டை நுழையாது. மாவில் முட்டைக்குப் பதில் தயிர், மேலே தடவப் பால். செய்து பழகியதுதான்.

வீட்டு ஓவன் பழுதாகிக் கிடந்தது. சனிக்கிழமை மதியம் பங்களாவிலேயே சுட்டு எடுத்து வரலாம் என்று முதலாளியம்மாவிடம் அனுமதி வாங்கினேன். எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. வீட்டிலிருந்தே மாவு, வெண்ணெய், தயிர், புதுக் கிண்ணம், புதுப் பலகை எல்லாம் கொண்டுபோனேன். பங்களா டிரேயை உப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்துக் கழுவி, புதுத் தாள் விரித்தேன். மலாய்க்காரி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அக்கா, நீ டிரேய குளிப்பாட்டி சாமி கும்பிடப் போறியா?" என்று அவள் பாணித் தமிழில் கேட்டாள். வெட்டி வைத்த ஸ்கோனெல்லாம் டிரேயில் வரிசையாக நின்றது. ஒரு கிண்ணத்தில் பாலும் ஊற்றி வைத்திருந்தேன்.

அந்த நேரத்தில் மகள் போன் செய்தாள். "பாலிங்ல இருந்து கிளம்பிட்டாங்களாம். மா, நான் என்ன சேலை கட்டறது?" போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசினேன். பச்சையா, மாம்பழ நிறமா என்று பேச்சு. கை அதன் பாட்டில் வேலை செய்தது. பேசி முடித்தபோது டிரே ஓவனுக்குள் இருந்தது. முன்பக்கம் பத்துப் பேர் மேசை ஒன்று வந்து, ஆர்டர் குவிந்தது. என் டிரேயை எடுத்து, துணி சுற்றிப் பெட்டியில் அடுக்கி, "சியாப், அக்கா, எல்லாம் ரெடி" என்று என் கையில் கொடுத்தது மலாய்க்காரி. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பாடாங் செராயில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வழியில் திறந்து பார்க்கவில்லை. சூடு போய்விடுமே என்று.

வீட்டுக்குள் நுழைந்து முகம் கழுவி சேலை மாற்றுவதற்குள் வாசலில் அந்த அம்மாவும் பையனும் காரில் வந்து இறங்கிவிட்டார்கள். பெட்டியை மகள் வாங்கிக்கொண்டாள். நான் டீ போட அடுப்பங்கரைக்குள் போனேன். கூடத்தில் பேசுவது எல்லாம் கேட்டது.

அந்த அம்மா சின்ன உருவம். மஞ்சள் சேலை, நெற்றியில் மெல்லிசாகத் திருமண். சத்தமில்லாத குரல். "சனிக்கிழமை நான் சோறு தொடமாட்டேன்மா. கோயிலுக்குப் போய்ட்டு வந்து ஒரு வேளை பலகாரம்தான். காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல" என்றார். பிறகு, "இது என்ன பலகாரம்? முட்டை கிட்டை போட்டதா?"

"இல்ல ஆன்ட்டி. அம்மா தயிர் ஊத்தி செஞ்சது. மாவும் வெண்ணெயும்தான்" என்றாள் மகள்.

"அப்பச் சரி. மாவுல செஞ்சா பலகாரம்தானே."

தட்டு நகரும் சத்தம் கேட்டது. நான் கொதிக்கிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கரண்டி ஜாம் கிண்ணத்தில் தட்டியது. அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு ஒரு வருஷம். அப்புறம் அந்தச் சின்னக் குரல்: "அக்கா, நல்லாருக்கு. வாயில வெச்சதும் கரையுது."

அடுப்பங்கரையில் தனியாக நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சந்தோஷம்தான். ஒன்றரை வருஷம். அவர் என் கையால் சாப்பிட்டுவிட்டார்.

டீக்கெண்டியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். அவர் தட்டில் ஒரு ஸ்கோன் முழுதாக இருந்தது. ஜன்னலிலிருந்து வெயில் நேராகத் தட்டின் மேல் விழுந்துகொண்டிருந்தது. அது மின்னியது.

தேன் நிறத்தில், தலை முழுவதும், பிரஷ் போன தடம்கூடத் தெரிகிற மாதிரி மின்னியது. மேசை நடுவில் இருந்த மற்றதைப் பார்த்தேன். எல்லாம் மின்னின. பால் தடவினால் இப்படி வராது. எந்தக் காலத்திலும் வராது. என் கை பல வருஷப் பழக்கத்தில் வலப்பக்கம் போயிருக்கிறது. குவளையில் நின்ற பிரஷ்ஷை எடுத்திருக்கிறது. பச்சைச் சேலை, மாம்பழ நிறச் சேலை என்று வாய் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் கை முட்டையைத் தடவி முடித்திருக்கிறது.

கெண்டியைச் சாய்த்தேன். டீ கோப்பை நிறைந்து சாசரில் வழிந்தது. "ஐயோ, போதும்கா" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். உட்கார்ந்தேன்.

"நீங்க தப்பா நினைக்கக் கூடாது," என்று அவர் ஆரம்பித்தார். இரண்டாவது ஸ்கோனைக் கையில் எடுத்துக்கொண்டார். "நான் ரொம்பக் கெடுபிடின்னு இவன் சொல்லியிருப்பான். அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இவன் மோட்டர் சைக்கிள்ல போய் விழுந்து, அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரியில பதினோரு நாள் கண்ணே தொறக்கல."

பையன் அம்மாவின் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டான். காதிலிருந்து தாடை வரைக்கும் அவனுக்கு ஒரு தழும்பு உண்டு. எனக்கு அது முன்பே தெரியும். எப்படி வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அன்னிக்குப் பெருமாள்கிட்ட சொன்னேன். என் புள்ளையக் குடு, நான் சாகற வரைக்கும் புரட்டாசி முழுக்க கவுச்சி, முட்டை எதையும் தொடமாட்டேன்னு. பன்னெண்டாவது நாள் தொறந்துட்டான்." அவர் கட்டைவிரல்கள் ஸ்கோனின் இடுப்பைத் தேடிப் பிடித்தன. அப்படித்தான் பிரிக்க வேண்டும் என்று மகள் சொல்லிக் கொடுத்திருப்பாள். மெல்லப் பிரித்தார். ஆவி இல்லை, ஆறியிருந்தது. "அதுல இருந்து ஒரு நாள் தவறினது இல்ல. ஒருநாள் கூட."

மகளைப் பார்த்தேன். நான் எதைப் பார்த்தேனோ அதை அவளும் பார்த்துவிட்டாள். பெட்டியிலிருந்து எடுத்து வைத்தவளே அவள்தான். ஆனால் அப்போது அவள் ஸ்கோனையா பார்த்திருப்பாள், வாசலில் நிற்கும் காரைத்தான் பார்த்திருப்பாள். இப்போது அவள் முகம் வெளுத்துவிட்டது. என் கண்ணையே பார்த்தாள். தலையை, மற்றவர்களுக்குத் தெரியாத அளவுக்கு, ஒரே ஒரு முறை அசைத்தாள். வேண்டாம்.

அவர் முதலில் ஜாமைத் தடவினார். அவசரமே இல்லை. ஓரம் வரைக்கும் தடவினார். நான் சொல்ல வேண்டியது மூன்றே வார்த்தை. முதலாவதைத் தெரியாமல் சாப்பிட்டார், அது என் கை செய்த தவறு, காலில் விழுந்துகூட மன்னிப்பு கேட்கலாம். இரண்டாவது இன்னும் வாய்க்குப் போகவில்லை. சொன்னால் கல்யாணம் போகும். மாட்டுக்கறி தொடுற கை என்று சொன்னது சரிதான் என்று ஆகும். என் மகள் இன்னும் பத்து வருஷம் என் எதிரில் உட்கார்ந்து அமைதியாகச் சாப்பிடுவாள்.

அவர் ஸ்கோனைத் தூக்கினார்.

"அதுல..." என்றேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவர் கை வாய்க்குப் பக்கத்தில் நின்றது.

"அதுல கிரீம் வைக்க மறந்துட்டீங்க. நல்லா வெச்சுக்குங்க. அதோட சாப்பிட்டாத்தான் ருசி."

அவர் சிரித்தபடி கிரீமை எடுத்து வைத்துக்கொண்டார். கடித்தார். பங்களா ஜன்னல் வழியாக நான் ஆயிரம் பேரைப் பார்த்திருக்கிறேன், அதே மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். நான் செய்ததிலேயே ஒருவர் அவ்வளவு ரசித்துச் சாப்பிட்ட ஸ்கோன் அதுவாகத்தான் இருக்கும். நான் சாசரில் வழிந்த டீயைத் துடைத்தேன்.

புறப்படும்போது என் வலது கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "இந்தக் கையத்தான் நான் என்னென்னமோ பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்கக்கா. ஐப்பசி பொறக்கட்டும், முறையா வர்றோம்."

கார் போன பிறகு மகள் தட்டுகளைக் கழுவினாள். நான் துடைத்து வைத்தேன். இந்த நாள் வரைக்கும் அதைப் பற்றி எங்களுக்குள் ஒரு பேச்சு கிடையாது. திங்கட்கிழமை பங்களாவுக்குப் போனதும் என் பால் கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது. "அன்னிக்கு பால் அப்படியே இருந்துச்சு, கொட்டிட்டேன் அக்கா" என்றாள் மலாய்க்காரி. ஒருவேளை நம் கண்தான் ஏமாந்திருக்குமோ என்று இரண்டு நாளாக ஒட்டிக்கொண்டிருந்த சின்ன ஆசையும் அதோடு போயிற்று.

தையில் கல்யாணம் நடந்தது. சம்பந்தியம்மாவை மாதிரி ஒரு மனுஷியை என் மகளுக்கு நான் தேடிப் பிடித்திருக்க முடியாது. அவளை ஒரு சொல் சொல்ல மாட்டார். எனக்கு வாரம் ஒரு தடவை போன் செய்வார். ஒவ்வொரு தடவையும் அவர் பெயர் போனில் தெரியும்போது கொஞ்சம் அடிக்கவிட்டுத்தான் எடுப்பேன். தெரிந்துவிட்டதோ, தெரிந்துவிட்டதோ என்று.

அடுத்த புரட்டாசி வந்தது. "சம்பந்தி, அந்தப் பலகாரம் இந்தச் சனிக்கிழமை வேணுமே" என்றார். என் மகள் வாங்கிக் கொடுத்த புது ஓவனில், வீட்டில், பாலைத் தடவிச் சுட்டேன். ஒரு தடவைக்கு மூன்று தடவை பால் கிண்ணத்தை முகர்ந்து பார்த்துக்கொண்டேன். அவர் ஒன்றை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"ருசி அதேதான். ஆனா அன்னிக்கு மாதிரி மினுமினுப்பு இல்லையே சம்பந்தி? சொந்தமானதும் கவனிப்பு கொறஞ்சு போச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். மகள் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று உள்ளே போய்விட்டாள்.

அதற்கு அடுத்த புரட்டாசி. மகள் மாசமாக இருந்தாள். மூன்றாவது சனிக்கிழமை நான் பங்களாவில் வேலையில் இருந்தேன். இரண்டு மணி இருக்கும். பின்வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கையில் துளசியும் சுண்டலும் கொண்ட பொட்டலத்தோடு சம்பந்தியம்மா உள்ளே வந்தார். கோயிலிலிருந்து நேராக வந்திருக்கிறார், எனக்குப் பிரசாதம் கொடுக்க. பேரப்பிள்ளைக்கு வேண்டிக்கொண்டதைச் சொல்ல ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார்.

மேடையில் இரண்டு டிரே இருந்தது. ஒன்று நான் அவருக்காகப் பால் தடவிச் சுட்டு, சாயங்காலம் எடுத்துப் போக வைத்திருந்தது. இன்னொன்று அப்போதுதான் மலாய்க்காரி ஓவனிலிருந்து எடுத்து வைத்தது.

"இதான்!" என்றார். குழந்தை மாதிரி முகம் மலர்ந்துவிட்டது. "இதேதான் சம்பந்தி! அன்னிக்கு மின்னுச்சே!" கையை நீட்டி ஒன்றை எடுத்துவிட்டார். சூட்டில் கைக்குக் கை மாற்றிக்கொண்டு இடுப்பைத் தேடினார்.

நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அன்று போலவே ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"அதுல முட்டை இருக்கு."

அவர் ஸ்கோனை டிரேயில் வைத்தார். விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டார். மின்னுகிற டிரேயைப் பார்த்தார். மங்கலான டிரேயைப் பார்த்தார். குவளையில் நின்ற பிரஷ்ஷைப் பார்த்தார். மலாய்க்காரி எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு முன்பக்கம் போய்விட்டாள்.

"அப்ப அன்னிக்கு?"

"அன்னிக்கும். கை தவறிப் போச்சு. வேணும்னு செய்யல. என் அப்பா அம்மா மேல சத்தியமா வேணும்னு செய்யல."

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

இந்தக் கேள்விக்கு ஒரு பொய் என்னிடம் தயாராக இருந்தது. நீங்கள் போன பிறகுதான் தெரிந்தது என்று. இரண்டு வருஷமாக அதை நான் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகி வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை.

"டீ கொண்டுவந்தப்ப. நீங்க ஒண்ணு சாப்பிட்டு முடிச்சிருந்தீங்க. ரெண்டாவது தட்டுல இருந்துச்சு."



"அப்பத்தான் கிரீம் வெச்சுக்கச் சொன்னீங்க," என்றார்.

தலையை ஆட்டினேன். அழுகை வந்தது. அவர் என்னை அழாதே என்று சொல்லவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது பேசி, சண்டை போட்டு, ஒரு வழியாக முடித்திருப்பேன்.

"மொத ஒண்ணு கை தவறினது. அது பெருமாளுக்கே தெரியும்," என்றார். "ரெண்டாவது..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. பிரசாதப் பொட்டலத்தை மேடையில், சுத்தமான இடமாகப் பார்த்து வைத்தார். மங்கலான டிரேயிலிருந்து ஒன்றை எடுத்து, நின்றபடியே பிரித்து, ஜாமும் கிரீமும் இல்லாமல் முழுவதையும் சாப்பிட்டார். குழாயில் கை கழுவினார்.

"பிள்ளைங்ககிட்ட சொல்லாதீங்க. ரெண்டு பேர்கிட்டயும்."

சரி என்றேன். மகளுக்கு அன்றைக்கே தெரியும் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. அதைச் சொல்லி அவளையும் அவர் முன்னால் நிறுத்த எனக்கு மனமில்லை. தெரிந்தே மறைக்கிற பழக்கம் ஒரு தடவையில் போய்விடுவதில்லை.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். இனி வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். ஐப்பசியில் தீபாவளிக்கு வந்தார். பேத்தி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் எனக்கு முன்னால் நின்றார். மகளை இன்னும் ஒரு சொல் சொல்வதில்லை. வாரம் ஒரு தடவை போன் வருகிறது. இப்போது அடித்த உடனே எடுத்துவிடுகிறேன். அதற்காக அவருக்கு நான் எத்தனை கும்பிடு போட்டாலும் தகும்.

வீட்டுக்கு வந்தால் இப்போதும் ஸ்கோன் கேட்பார். நான் ஆளுக்கு இரண்டு வைப்பேன், அதுதான் முறை. முதலாவதைப் பிரித்து, கிரீமும் ஜாமும் வைத்து, நன்றாகச் சாப்பிடுவார். நல்லாருக்கு என்றும் சொல்வார். இரண்டாவதோடு தட்டை மெல்ல நகர்த்திவிடுவார்.

"ஒண்ணு போதும் சம்பந்தி."

புரட்டாசி மட்டும் இல்லை. முட்டையும் கோழியும் சாப்பிடுகிற மாசங்களிலும் அப்படித்தான். குரலில் ஒன்றும் இருக்காது. அம்மாவுக்கு இனிப்புநீர் வியாதிப் பயம் வந்துவிட்டது என்று மருமகன் கேலி செய்கிறான். மகள் தட்டைப் பார்க்காமல் பேத்தியைத் தூக்கிக்கொள்கிறாள்.

நானும் இரண்டு வைப்பதை நிறுத்தவில்லை. என்றாவது ஒரு நாள் அந்த இரண்டாவதை எடுப்பார் என்று ஒவ்வொரு தடவையும் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் போன பிறகு அடுப்பங்கரையில் நின்றபடி அதை நானே சாப்பிட்டுவிடுகிறேன். கிரீம் வைத்துக்கொள்வதில்லை.